நாலு வாய்தான் சாப்பிடுகிறதா? அடம்பிடிக்கும் குழந்தைக்குச் சத்தான, வயிறு நிறையும் சாப்பாடு: முழுமையான வழிகாட்டி

ஒரு வயதுவரை கொடுத்ததையெல்லாம் வாங்கிச் சாப்பிட்ட குழந்தை, ஒன்றரை வயதைத் தொடும்போது கிண்ணத்தைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கண் பட்டுவிட்டது என்பார்கள், பல் முளைக்கிறது என்பார்கள், வயிற்றில் பூச்சி என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் காரணம் இதைவிட எளிமையானது. பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறக்குறைய 9 கிலோ ஆகிவிடுகிறது. அடுத்த ஒரு வருடம் முழுவதும் சேர்ந்து கூடுவது 2 முதல் இரண்டரை கிலோதான். வளரும் வேகம் குறைகிறது, பசியும் கூடவே குறைகிறது. போதாததற்கு, பழக்கமில்லாத உணவைப் பார்த்துப் பயப்படும் குணமும் இரண்டு வயதுவாக்கில் தலைதூக்கி, ஐந்தாறு வயதுவரை நீடிக்கிறது.

ஒன்று முதல் மூன்று வயதுவரையான குழந்தைகளுக்காகவே இதை எழுதுகிறேன். அளவைக் கூட்டுவதற்காகப் போராடுவதை விட்டுவிடுங்கள். குழந்தை சாப்பிடும் அந்த நாலு வாயைச் சத்தாக்குங்கள். அந்த நாலு வாய்க்கும் பசியோடு வந்து உட்காரும்படி செய்யுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு வேலைகளுக்காகத்தான்.

படி 1: முதலில் எடையைப் பாருங்கள்

பக்கத்து வீட்டுக் குழந்தை எவ்வளவு சாப்பிடுகிறது என்பது கணக்கே இல்லை. உங்கள் கையில் இருக்கும் தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சி வரைபடம் இருக்கும். அங்கன்வாடியில் மாதாமாதம் எடை பார்த்து அதில் குறிக்கிறார்கள். தனியார் மருத்துவமனையில் தடுப்பூசி போடப் போகும்போது கேட்டாலும் குறித்துத் தருவார்கள். ஒரு புள்ளியை மட்டும் பார்த்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். மூன்று நான்கு மாதப் புள்ளிகளைச் சேர்த்துப் பாருங்கள். கோடு தன் பாதையிலேயே மேலே போகிறது, குழந்தை ஓடியாடி விளையாடுகிறது என்றால், ஒல்லியாக இருந்தாலும் அந்தக் குழந்தை தனக்கு வேண்டியதைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

எவ்வளவு வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த அளவுகளின்படி, இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,010 கலோரியும் 12.5 கிராம் புரதமும் போதும். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு டம்ளர் பாலில், அதாவது 200 மில்லியில், இன்னொரு 6 கிராம். அன்றைய புரதக் கணக்கு கிட்டத்தட்ட அத்தோடு முடிந்தது. ஆரோக்கியமான குழந்தைக்குப் புரதப் பவுடர் டப்பா எதுவும் தேவையில்லை என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். தட்டுப்பாடு பெரும்பாலும் இரும்புச்சத்தில் வருகிறது. அதைப் படி 5-இல் சொல்கிறேன்.

படி 2: மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள்

காலை கண்விழித்தது முதல் இரவு தூங்கும்வரை குழந்தையின் வாய்க்குள் போன எல்லாவற்றையும் எழுதுங்கள். பால் எத்தனை மில்லி, பிஸ்கட் எத்தனை, தாத்தா கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கிக்கொடுத்தது என்ன, ஜூஸ், இளநீர், முறுக்கு, வாயில் அடக்கிக்கொண்ட மிட்டாய், எதுவும் விடுபடக் கூடாது. “ஒண்ணுமே சாப்பிடறதில்ல” என்று சொல்கிற வீட்டில் இந்தக் காகிதம் பெரும்பாலும் வேறு கதை சொல்லும்.

அதில் முதலில் தேட வேண்டியது பால். ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு நாளில் ஒரு லிட்டர் பால் குடித்தால், அதிலேயே 600 கலோரிக்கு மேல் வந்துவிடும். அதன்பிறகு சோற்றுக்கு வயிற்றில் இடம் ஏது? பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மற்ற உணவில் இருக்கும் இரும்பை உடல் எடுத்துக்கொள்வதையும் பாலின் சுண்ணாம்புச்சத்து தடுக்கும். பால் அதிகம் குடிக்கும் குழந்தை கொழுகொழுவென்று இருந்துகொண்டே ரத்தசோகையோடு இருக்க முடியும். ஒரு நாளைக்கு 400 மில்லி போதும், அரை லிட்டர் பாக்கெட்டைத் தாண்ட வேண்டாம். தயிரையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால் தொடர்கிறது என்றால் நிறுத்தத் தேவையில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கொடுக்காமல் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தால் போதும்.

பாலில் கலக்கும் சாக்லேட் மால்ட் மாவுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்திய உணவுச் சட்டத்தில் ‘ஆரோக்கிய பானம்’ என்று ஒரு வகையே வரையறுக்கப்படவில்லை. இந்தத் தலைப்பின் கீழ் இவற்றை விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம் இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. இவற்றில் பலவற்றில் சர்க்கரை அதிகம். இரண்டு வயதுவரை சர்க்கரை சேர்க்காமல் இருப்பதே நல்லது. வெல்லமும் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் கூட சர்க்கரைக் கணக்கில்தான் வரும்.

படி 3: பசிக்க இடைவெளி விடுங்கள்

மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு சிற்றுணவு. ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று மணி நேரம். அந்த இடைவெளியில் தண்ணீர் மட்டும். காலை 8 மணிக்கு டிபன், பத்தரைக்குப் பழம், ஒரு மணிக்குச் சோறு, தூங்கி எழுந்ததும் நான்கு மணிக்கு ஏதாவது ஒன்று, இரவு 7 மணிக்குச் சாப்பாடு, அதன்பின் பால். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், அரை மணி முன்னே பின்னே போகலாம். ஆனால் காலையில் மறுத்த குழந்தைக்கு ஒன்பதரை மணிக்கு “பாவம், ஒரு பிஸ்கட்டாவது” என்று கொடுத்தால் பத்தரை மணிப் பழமும் போகும், மதியச் சோறும் போகும். கூட்டுக் குடும்பத்தில் இதுதான் மிகக் கடினமான படி. பாட்டியிடம் கோபப்பட்டுப் பயனில்லை. “அத்தை, பத்தரை மணிக்கு நீங்களே ஊட்டிவிடுங்க” என்று ஒரு வேளையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டால், இடையில் கொடுப்பது தானாகக் குறையும்.

படி 4: ஒவ்வொரு வாயையும் அடர்த்தியாக்குங்கள்

குழந்தைக்கு எளிதில் செரிக்க வேண்டும் என்று ரசம் சாதத்தைக் கஞ்சிபோல் கரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். கிண்ணம் காலியாகும், மனசுக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் அதில் பாதி தண்ணீர். வயிறு நிறைந்த ஒரு மணி நேரத்தில் குழந்தை மறுபடி அழும். அதே கிண்ணத்தில் கால் பங்கு சோறும் அதே அளவு வெந்த பாசிப்பருப்பும் ஒரு தேக்கரண்டி நெய்யும் போட்டுக் குழையப் பிசைந்து, ரசத்தின் தெளிவை இரண்டு கரண்டி மட்டும் விட்டால், அளவு பாதியானாலும் சத்து கூடிவிடும். ஒரு தேக்கரண்டி நெய்யே 45 கலோரி.

கரண்டி கரண்டியாகச் சேர்க்கக்கூடிய பொருள்கள் நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. வறுத்துத் தோல் நீக்கி மாவாகப் பொடித்த வேர்க்கடலை, மிளகாய் இல்லாத எள்ளுப் பொடி, பொட்டுக்கடலை மாவு, துருவி அரைத்த தேங்காய், வேகவைத்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நேந்திரம்பழம். முட்டையும் வேர்க்கடலையும் எள்ளும் சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை தரலாம். முதல்முறை கொஞ்சமாக, காலை வேளையில் கொடுத்துப் பாருங்கள். தோலில் தடிப்போ, உதடு வீக்கமோ, மூச்சிரைப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேழ்வரகுக் கஞ்சிக்கு ஒரு நல்ல உத்தி உண்டு. மாவு அதிகம் போட்டால் களியாகிவிடுகிறது, குழந்தை விழுங்க மறுக்கிறது. குறைத்தால் வெறும் தண்ணீர். கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, துணியில் கட்டி முளைவிட்டதும் நிழலில் காயவைத்து, லேசாக மட்டும் வறுத்து அரைத்து வையுங்கள். சாதாரண மாவில் கெட்டியாகக் கஞ்சி காய்ச்சி இறக்கி, கொதி அடங்கி இளஞ்சூட்டுக்கு வந்ததும் இந்த முளைகட்டிய மாவில் ஒரு தேக்கரண்டி கலந்து கிளறினால், சில நிமிடங்களில் கஞ்சி கண்ணெதிரே இளகிவிடும். முளைக்கும்போது தானியத்தில் உருவாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் இப்படி நடக்கிறது. பிறகு இன்னொரு கொதி விட்டு இறக்குங்கள். குடிக்கும் பதத்திலேயே இருமடங்கு மாவு உள்ளே போகும். மாவை ரொம்ப வறுத்துவிட்டால் நொதி செத்துவிடும், இந்த மாற்றம் நடக்காது.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்காமல் விட்டுவிடாதீர்கள். அப்படியே கஞ்சியாகக் கொடுத்துக் குழந்தை துப்பினால், தோசை மாவில் இரண்டு கரண்டி கலக்கலாம், நெய் விட்டு வறுத்துச் சின்ன உருண்டையாகப் பிடிக்கலாம். அதில் ஏற்கெனவே வெல்லம் சேர்ந்திருக்கும், மேலே இனிப்பு போட வேண்டாம்.

படி 5: இரும்புச்சத்தைத் தனியாகக் கவனியுங்கள்

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், இரும்புச்சத்து குறைந்தால் பசி மந்தமாகிவிடும். சாப்பிடாததால் இரும்பு இன்னும் குறையும். இந்த வட்டத்தில் சிக்கிய குழந்தைக்குப் புதுப்புதுப் பண்டமாகச் செய்து கொடுத்து மாளாது. மருந்தும் தேவைப்படலாம்.

அசைவம் சாப்பிடும் வீட்டில் வழி சுலபம். ஆட்டு ஈரல் அல்லது சுவரொட்டியை நன்றாக வேகவைத்து மசித்து, வாரம் ஒருமுறை இரண்டு தேக்கரண்டி சோற்றில் பிசைந்தால் போதும். ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் அடிக்கடி வேண்டாம். மத்தி, நெத்திலியை முள் பார்த்து உதிர்த்து மஞ்சள் தூளும் மிளகும் போட்டுப் புட்டு செய்யலாம். சுறாப் புட்டை விட இதுவே இந்த வயதுக்கு ஏற்றது, பெரிய மீன்களில் பாதரசம் அதிகம் சேர்ந்திருக்கும். சைவ வீட்டில் பருப்பு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, எள், கீரை எல்லாவற்றிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் அதை உடல் எடுத்துக்கொள்ளப் பக்கத்தில் வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று வேண்டும்: பிசையும்போது நாலு சொட்டு எலுமிச்சை, பழுத்த தக்காளி, அல்லது சாப்பிட்டதும் விதை நீக்கிய கொய்யா. பருப்புச் சோறு கொடுத்த கையோடு பால் கொடுக்க வேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். டீ, காபி இந்த வயதில் ஒரு வாயும் கூடாது.

அரசுத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயதுவரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் தருகிறார்கள். குடற்புழு மாத்திரையும் ஒரு வயதிலிருந்து கொடுக்கப்படுகிறது. கிராமச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேட்டு வாங்குங்கள்.

படி 6: குழந்தை நிற்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள்

ஒவ்வொரு குழந்தையும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதைப் பிடுங்காமல் அதையே பாலமாக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், அது பழகியபின் அடுத்தது.

தோசை மட்டும் சாப்பிடும் குழந்தை உங்களுக்குப் பெரிய வசதி. முதலில் மாவில் நாலில் ஒரு பங்கு பாசிப்பருப்பு ஊறவைத்து அரைத்துக் கலங்கள். நிறம் அவ்வளவாக மாறாது. அது பழகியதும் சின்னத் தோசையின் மேல் அடித்த முட்டையை மெல்லியதாகத் தடவித் திருப்பிப் போடுங்கள். அடுத்து எள்ளுப் பொடியும் நெய்யும். பிறகு துருவிய கேரட். கடைசியாகக் கீரை விழுது, ஏனென்றால் பச்சை நிறத்தைத்தான் குழந்தைகள் அதிகம் சந்தேகப்படுகிறார்கள். சில வாரங்களில் அது தோசைபோலத் தெரியும் அடையாகவே மாறியிருக்கும். இதே மாவைக் குழிப்பணியாரமாக ஊற்றினால் பிஞ்சுக் கைக்கு அடக்கமாக இருக்கும், தானே எடுத்துத் தின்னும்.

தயிர்சாதம் தவிர எதையும் தொடாத குழந்தைக்குச் சோற்றைக் குழைய வடித்து, சூடு இருக்கும்போதே வெண்ணெயும் மசித்த உருளைக்கிழங்கும் சேர்த்துவிடுங்கள். பிறகு கொஞ்சம் வெந்த பாசிப்பருப்பு. வெள்ளையாகவே இருக்கும். தட்டின் ஓரத்தில் மட்டும் பீட்ரூட் துண்டு ஒன்று கிடக்கட்டும். இரும்பு தயிரோடு சேராது என்பதால் இரும்புச்சத்துள்ள உணவை இன்னொரு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டி தட்டுப்பட்டாலே குமட்டும் குழந்தைக்குப் பெரும்பாலும் மிக்ஸிதான் காரணம். ஒன்பது பத்து மாதத்துக்குப் பிறகும் எல்லாவற்றையும் அரைத்தே ஊட்டினால், மெல்லக் கற்கும் காலம் தவறிப்போகிறது. இனி மிக்ஸியில் அரைக்க வேண்டாம். முதல் வாரம் மத்தால் கடையுங்கள், அடுத்து கையால் மசியுங்கள், அதன்பின் மசித்ததின் நடுவே அங்கங்கே பருக்கை தெரியட்டும். சோற்றோடு மல்லுக்கட்டாமல், இட்லித் துண்டு, வெந்த பூசணி, பழுத்த பப்பாளி என்று கையில் பிடித்துக் கடிக்கும் மென்மையான பண்டங்களைப் பக்கத்தில் வையுங்கள். குமட்டல் வேறு, மூச்சடைப்பு வேறு. இருமிக்கொண்டு, சத்தத்தோடு வெளியே தள்ளினால் அது குமட்டல், பதறாமல் பார்த்துக்கொண்டிருங்கள். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால் அது ஆபத்து.

பாலை மட்டும் குடிக்கும் குழந்தைக்குப் பாட்டிலிலிருந்து டம்ளருக்கு மாற்றுவதே பாதி வைத்தியம். ஒவ்வொரு இரண்டு மூன்று நாளுக்கும் 30 முதல் 50 மில்லி குறைத்துக்கொண்டே வாருங்கள், இரவுப் பாட்டிலைக் கடைசியில் நிறுத்துங்கள். முதல் சில நாள் அழுகை இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்க வேண்டும்.

புதிய உணவு ஒன்றை ஏற்க எட்டு முதல் பதினைந்து தடவை வரை அதைப் பார்த்து, தொட்டு, நக்கித் துப்பியாக வேண்டியிருக்கும். மூன்றாம் நாளே “இவனுக்குக் கீரை பிடிக்காது” என்று குழந்தை காதுபடச் சொல்லிவிடாதீர்கள். விரல் நகம் அளவு வைத்தால் போதும், வீணாகவும் போகாது.

படி 7: ஊட்டும் முறையை மாற்றுங்கள்

எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பது பெற்றோர் பொறுப்பு; சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது குழந்தையின் பொறுப்பு. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் வகுத்த இந்தப் பங்கீட்டை நான் முழுமனதோடு நம்புகிறேன். தட்டில் எப்போதும் குழந்தைக்குப் பழக்கமான ஒன்று இருக்கட்டும், கூடவே வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதில் கொஞ்சம். ஒவ்வொரு பண்டத்துக்கும் வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்பது தொடங்கும் அளவு. இரண்டு வயதென்றால் இரண்டு கரண்டி. கேட்டால் இன்னும் வையுங்கள்.

தரையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் வேளையில் குழந்தைக்கும் ஒரு தட்டுப் போடுங்கள். இருபது முதல் முப்பது நிமிடம் போதும். தலையைத் திருப்பினாலோ, “போதும்மா” என்றாலோ, “சரிடா கண்ணு” என்று தட்டை எடுத்துவிடுங்கள். முகத்தில் கோபமோ ஏமாற்றமோ தெரிய வேண்டாம். அடுத்த வேளை மூன்று மணி நேரத்தில் வந்துவிடும். நிலாவைக் காட்டி ஊட்டுவதில் தவறில்லை, அதில் பேச்சு இருக்கிறது, முகம் பார்ப்பது இருக்கிறது. போனைக் காட்டி ஊட்டும்போது வாய் தானாகத் திறக்கிறது, ஆனால் என்ன சாப்பிட்டோம், வயிறு நிறைந்ததா என்று குழந்தைக்குத் தெரியாமலே போகிறது. “கீரை சாப்பிட்டா சாக்லேட்” என்பதும் வேண்டாம். கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்றுதான் அது மனதில் பதியும்.

மூக்கைப் பிடித்தோ, காலில் கிடத்திச் சங்கில் ஊற்றியோ புகட்டக் கூடாது. உணவு நுரையீரலுக்குள் போய்விடும். ஓடும்போதும் படுத்திருக்கும்போதும் வாயில் எதுவும் வைக்காதீர்கள். முழு வேர்க்கடலை, வறுத்த கடலை, பாப்கார்ன், பச்சைக் கேரட் துண்டு, சப்போட்டா விதை, சீதாப்பழக் கொட்டை, புளியங்கொட்டை எல்லாம் மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியவை. திராட்சையை நீளவாக்கில் நாலாகக் கீறிக் கொடுங்கள்.

காய்ச்சல், சளி, பேதி வந்த நாட்களில் இந்தப் படிகளையெல்லாம் ஒதுக்கி வைத்துவிடலாம். குடிக்கக் கொடுங்கள், பிடித்ததைக் கொடுங்கள். குணமானபின் ஒன்றிரண்டு வாரம் குழந்தைக்கு நல்ல பசி எடுக்கும். அப்போது தினமும் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்து இழந்த எடையை மீட்டுவிடுங்கள்.

மருத்துவரிடம் எப்போது போவது

எடை குறைந்தால், அல்லது இரண்டு மூன்று மாதம் அப்படியே நின்றுவிட்டால் காத்திருக்க வேண்டாம். மண், சாம்பல், சாக்பீஸ், சுவர்க் காரை தின்பது, உள்ளங்கை வெளுத்திருப்பது இரண்டும் இரும்புச்சத்துக் குறைவைக் காட்டலாம். விழுங்கும்போது ஒவ்வொரு முறையும் இருமல், அடிக்கடி வாந்தி, மலம் இறுகி வலியோடு போவது, சாப்பிட்டுக்கொண்டிருந்த உணவுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடுவது, இவையும் காட்ட வேண்டியவைதான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, பேச்சு வராமை ஆகியவற்றோடு சாப்பாட்டு மறுப்பும் சேர்ந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சிறப்புப் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

போகும்போது தாய் சேய் நல அட்டையையும் அந்த மூன்று நாள் குறிப்பையும் கையோடு எடுத்துப் போங்கள். பசியைத் தூண்டும் டானிக்கை நீங்களாகக் கேட்டு வாங்காமல், ரத்தப் பரிசோதனை தேவையா, இரும்புச்சத்து மருந்து எத்தனை மாதம் கொடுக்க வேண்டும், அடுத்த எடையை எப்போது பார்ப்பது என்று கேளுங்கள்.